முட்டுக்கட்டையை உதைத்த கால்

அத்தியாயம் 7

தோட்டத்துக் கணக்கர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி அம்பிகைபாகனின் வீட்டில் அன்று மகாதேவாவுக்குக் காப்பி கிடைக்கவில்லை.

அந்த வீட்டு அம்மாள் யோகாம்பாள் மகாதேவாவின் கூடப்பிறந்த அக்காள். மலாயாவின் கோலசிலாங்கூரிலிருந்து ஆற்றைக் கடந்து இந்தச் சுங்கை மெராந்தி ரப்பர்த் தோட்டத்துக்கு அவர் வரும்போதெல்லாம், வாசற்படியில் கால் வைக்குமுன்பே உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். இருபது வருஷத்து வழக்கம் அது. இன்று அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று தம்பியை ஒரு பார்வையும், அவருக்குப் பின்னால் நின்ற உதவியாளன் அந்தோணிதாஸை இன்னொரு பார்வையும் பார்த்தாள். இரண்டிலும் பாலும் இல்லை, சீனியும் இல்லை.

"ஆர் கூப்பிட்டு வந்தனீ?"

"யூஜினியா, அக்கா."

"அந்தத் தச்சன்ரை பெண்டாட்டி கூப்பிட்டால் என்ரை தம்பி விடியமுன்னம் படகேறி வருவான். நல்லது. நல்லாயிருக்கு."

மகாதேவா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்று, மற்றவர்களின் பொய்யை மூன்று பாஷைகளில் சொல்லியவர் அவர். தம் வாயைத் தேவையில்லாமல் திறப்பதில்லை. உத்தியோகம் விட்ட பிறகு, வடசிலாங்கூர்த் தோட்டங்களில் எது காணாமல் போனாலும் எது உடைந்தாலும் ஜனங்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். அந்தோணிதாஸ் முன்பு பத்தாங் காலிப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தவன். துரைக்கும் துரையின் நாய்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்து இருவரையும் குணப்படுத்திவிட்டதால் வேலை போயிற்று.

நடந்தது இதுதான்.

கந்த சஷ்டிக்குத் தோட்டத்துக் கோயிலில் சூரசம்ஹாரத்தைப் படம் காட்டி நடத்த வேண்டும் என்று அம்பிகைபாகனுக்கு ஆசை. ராசா என்னும் ஊரிலிருந்து மத்தியாஸ் என்னும் கிறிஸ்தவத் தச்சனை வரவழைத்தார். தச்சு வேலையோடு கண்ணாடியில் படம் தீட்டும் வேலையும் அறிந்தவன் அவன். பால்வாளி வண்டி ஓடும் தண்டவாளத்தில் ஒரு துண்டைக் கழற்றிக் கோயில் முன் சரிவில் பதித்தான். அதன்மேல் நான்கு சக்கரப் பலகை, பலகைமேல் பத்தடிச் சட்டம், சட்டத்தில் தண்ணீர் தெளித்த வெள்ளைத் துணி. துணிக்குப் பின்னால், கார்பைட் விளக்கு எரியும் படப்பெட்டி. பெட்டியில் கண்ணாடியைச் செருகினால் படம் துணியில் விழும். கயிற்றை இழுத்து, வண்டியைப் பெட்டியை விட்டு மேட்டில் ஏற்ற ஏற்றப் படம் பெருத்துக்கொண்டே போகும். ஆளுயரத்தில் நின்ற சூரன் கூட்டத்தின்மேல் கவிகிற மாதிரி வளர்வான். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்கும் தெரியாது, கயிறும் தெரியாது. வண்டி உச்சிக்கு வந்ததும் சக்கரத்தின் பின்னால் முட்டுக்கட்டையை அடித்து நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

நேற்று மாலை இருட்டியதும் ஒத்திகை. இருநூறு பேர் முன்னால் கூடியிருந்தார்கள். கடைசிப் படம், முருகன் காலடியில் பூப்போட்டு வணங்கும் அம்பிகைபாகன். அன்று மத்தியானம்தான் தீட்டி முடித்த படம். அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அது துணியில் நின்று நூறு எண்ணுவதற்குள் வண்டி பின்னோக்கி ஓடியது. பத்தடிக் கிராணி சுருங்கிச் சுருங்கிச் சாண் உயரமானார். வண்டி படப்பெட்டியில் மோதியது. கண்ணாடி நொறுங்கியது. குறுக்கே பாய்ந்து தடுக்கப் பார்த்த கயிற்றுக்காரன் ரெங்கசாமியின் கால் எலும்பு முறிந்தது.

மத்தியாஸை ஸ்டோரில் பூட்டி, சாவியைத் தம் மடியில் செருகிக்கொண்டார் அம்பிகைபாகன். இன்று மூன்று மணிப் படகில் போலீஸ் சார்ஜன்ட் வருகிறார்.

"கவனக்குறைவு எண்டு நினையாதையும், மகாதேவா," என்றார் அம்பிகைபாகன். கதிரையில் அவர் முதுகு சாயவில்லை. "முட்டுக்கட்டை வைக்கவேயில்லை. வேணுமெண்டு செய்தவன். எல்லாம் என்னை அவமானப்படுத்துற திட்டம்."

"அவமானமோ? என்ன அவமானம், அத்தான்?"

"படத்தை நீர் எங்கை பாக்கிறது, உடைஞ்சு போச்சு. நான் சொல்லுறன், கேளும். முருகன்ரை காலடியிலை நான் இடக்கையாலை பூப் போடுறன். இடக்கையாலை! அந்த வேதக்காரன் அப்பிடிக் கீறி வைச்சிருக்கிறான். இருநூறு சனத்துக்கு முன்னாலை!"

"ஆரும் சிரிச்சினமோ?"

"என்ரை முன்னாலை சிரிப்பினமோ? பயம்!"

"நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"முன்வரிசை, நடுக் கதிரை. முடியுமட்டும் நான் அசையேல்லை. எழும்பிப் போனவன் சின்னக் கிராணி சிவானந்தம். அவன்ரை கதிரை காலியாய்க் கிடந்தது. அவனும் தச்சனும் கூட்டாயிருக்கும். போய் அவனைக் கேளும். கேட்டுப்போட்டு அடுத்த படகிலை வீட்டை போம்."

படியிறங்கும்போது யோகாம்பாள் பின்னாலேயே வந்தாள். "தம்பி, ஊர் முழுக்க இந்த வீட்டைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது. இந்த வீட்டு மானம் உன்ரை மானமும்தான். நினைவிலை வைச்சிரு."

"அதுக்குத்தான் அக்கா வந்தனான்," என்றார் மகாதேவா.

பாதைக்கு வந்ததும் அந்தோணிதாஸ் தன் வழக்கமான மலாய் 'லா'வோடு முணுமுணுத்தான். "காப்பிதான் இல்ல. திட்டு மட்டும் நல்லா சூடா குடுத்தாங்க லா ஐயா."

*

ஸ்டோர் வாசலில் யூஜினியா ஒரு பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்களைக் கண்டு எழுந்தாளே தவிர வணக்கம் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து மத்தியாஸின் குரல் கதவுக் கம்பி வழியே வந்தது. "யாரு, பெரிய கிராணியோட மச்சானா? யூஜினியா, உனக்குப் புத்தி இருக்கா? கையோட தூக்குக்கயிறும் வாங்கியாந்திருக்கலாம்ல?"

"மச்சான்னு தெரிஞ்சுதான் கூட்டியாந்தேன்," என்றாள் அவள். மகாதேவாவை நேராகப் பார்த்தே பேசினாள். "வேத்தாளு வந்து இவரு செய்யலன்னு சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். சொந்தக்காரரு சொன்னா நம்பித்தானே ஆவணும்? இவரு பேரு கெட்டுப் போச்சின்னா இந்தப் பக்கம் எந்தத் தோட்டத்துலயும் ஒரு ஆணி அடிக்க வுடமாட்டாங்க. நீங்க உண்மையைச் சொல்லுவீங்களா, இல்ல அக்கா வூட்டு சோறுதான் பெருசா? இப்பவே சொல்லிடுங்க."

"இண்டைக்கு எனக்கு அந்தச் சோறும் இல்லை," என்றார் மகாதேவா. "மத்தியாஸ், முட்டுக்கட்டை வைச்சது ஆர்?"

"ரெங்கசாமி. சுத்தியலால மூணு அடி. என் காதால கேட்டேன்."

"அப்ப நீ எங்கை நிண்டனீ?"

"படப்பெட்டிக்கிட்ட. வெளிச்சம் சிதறக் கூடாதுன்னு கறுப்புத் துணிக்குள்ள தலையை வுட்டுருந்தேன். பின்னால யானை வந்து நின்னாலும் எனக்குத் தெரியாது."

"பெரிய கிராணி இடக்கையாலை பூப் போடுற மாதிரி கீறினாயோ?"

மத்தியாஸ் முகத்தைக் கம்பியோடு ஒட்டினான். "நான் வேதக்காரன்தான். அதுக்காகச் சோத்துக்கை எதுன்னு தெரியாதவனா? வலக்கையிலதான் பூ வெச்சேன். நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க."

யூஜினியா டின்னை நீட்டினாள். கலகலவென்று சத்தம் கேட்டது. "அந்தப் படம்தான். ஒரு சில்லு வுடாம பொறுக்கி வெச்சிருக்கேன்."

நூறு சில்லு இருக்கும். மூன்று மணிக்குள் இதைப் பொருத்துவது எப்படி? உடைந்த கண்ணாடி என்ன சாட்சி சொல்லப் போகிறது என்று நினைத்து, மகாதேவா டின்னைத் திறக்காமலே அந்தோணிதாஸிடம் தள்ளினார். அன்று அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

கோயில் முன்னால் தண்டவாளம் நனைந்து கிடந்தது. திரைவண்டி ஒரு பக்கம் சாய்ந்து, துணி கிழிந்து தொங்கியது. மகாதேவா சரிவின் உச்சியில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"கட்டை நழுவியிருந்தால் தண்டவாளத்துப் பக்கத்திலை கிடக்க வேணும். வைக்காமலே விட்டிருந்தால் ரெங்கசாமியின்ரை சுத்தியலுக்குப் பக்கத்திலை கிடக்க வேணும். ரெண்டு இடத்திலையும் இல்லை."

"இங்க இருக்கு!" முப்பதடிக்கு அப்பால், வாய்க்காலுக்குள்ளிருந்து அந்தோணிதாஸ் குரல் கொடுத்தான். முழங்கால்வரை சேறு. "குளிக்கப் போயிருக்கு போல."

இரும்பு மாதிரி கனக்கும் மரம். ஒரு பக்கத்தில் புதிதாக ஒரு பள்ளம்.

"உதைச்சிருக்கினம்," என்றார் மகாதேவா.

"நான் ஒன்னு சொல்லட்டுமா, ஐயா? டிரஸ்ஸர் வேலை பாத்தவன் சொல்றேன். வெறுங்காலால இதை உதைச்சவன் இந்நேரம் ரெங்கசாமிக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கணும். இது பூட்ஸ் காலு. மத்தியாஸ் வெறுங்காலு, ரெங்கசாமி வெறுங்காலு, லயத்துல குடியிருக்கிற கூலி ஜனம் அத்தனை பேரும் வெறுங்காலு."

சப்பாத்துப் போட்டவர்கள் நேற்று நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் திரைக்குப் பக்கத்தில் நின்று உரக்கக் கதை படித்தார்; கடைசிவரை அவர் குரல் நிற்கவில்லை. இந்தத் தோட்டத்து டிரஸ்ஸர் காய்ச்சல்காரக் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தார். அதன் அழுகையும் முன்வரிசையில் நிற்கவில்லை. மிஞ்சியது இரண்டு பேர். பெரிய கிராணி, சின்னக் கிராணி.

மகாதேவாவின் மனம் ஓடிப்போய்ச் சிவானந்தத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. அவன்தான், அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஆபீசுப் படியேறினார். அப்படி ஆசைப்படுகிறோம் என்பது அவருக்கும் தெரிந்தேயிருந்தது. அந்த நினைப்பு செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது.

*

சிவானந்தம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நான் எழும்பிப் போனனான் எண்டு சொன்னது உங்கட அத்தான்தானே? இருட்டிலை ஆரின்ரை கதிரை காலி எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? பன்னிரண்டு வருஷமாய் இஞ்சை எது பிழைச்சாலும் என்ரை தலையிலைதான். மழை பெய்தாலும் சிவானந்தம்."

"அது கிடக்கட்டும். கடைசியாய் என்ன கண்டனீர்?"

"பெரியவரைத்தான். வலக்கையாலை பூ, முகத்திலை பக்தி. படத்திலையாவது ஒருக்கால் பணிவாய் நிக்கிறாரே எண்டு நினைச்சன்."

மகாதேவா நிமிர்ந்தார். "வலக்கையோ? நல்லாய் யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க என்ன இருக்கு? பிறகு அந்த மனுசன் சுருங்கிச் சுருங்கிச் சாண் அளவாய்ப் போனார். அதைக் காண நான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தனான். அந்தப் படத்திலை எதையும் மறக்கமாட்டன்." அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல அது. "ஆனால் நான் தள்ளேல்லை. தள்ளியிருந்தால் உங்களுக்கு முதல் ஆளாய்ச் சொல்லியிருப்பன்."

பால் நிறுக்கும் கொட்டகையில் கலாவதி என்ற, ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காரி வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். நேற்று பாயில் முன்னால் உட்கார்ந்து பார்த்தவள்.

"எந்தக் கையா? என்னங்க ஐயா கேள்வி இது? வலக்கைதான். இடக்கையால பூப் போட்டிருந்தா எங்காத்தா அங்கனயே மண்ணை வாரித் தூத்தியிருக்கும். பெரிய கிராணின்னுகூடப் பாக்காது."

வாத்தியாரைக் கேட்டார். வலக்கை. டிரஸ்ஸரைக் கேட்டார். வலக்கை.

"இருநூறு பேருக்கு ஒரு படம், பெரிய கிராணி கண்ணுக்கு மட்டும் தனிப் படமா?" என்றான் அந்தோணிதாஸ். "காலண்டர்ல தேதி கிழிக்கிற மாதிரி ஆளுக்கு ஒன்னு கிழிச்சிக் குடுத்தாங்களா?"

"பேசாமல் வா."

"மணி ஒன்றரை ஐயா. வயிறு பேசுது, நான் என்ன செய்ய?"

ஆஸ்பத்திரியில் ரெங்கசாமி மூங்கில் சிம்பு கட்டிய காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். மகாதேவா கட்டிலின் ஒரு பக்கம் முக்காலியில் அமர்ந்தார். எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் அந்தோணிதாஸ் தரையில் துண்டை விரித்து, சில்லுகளைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தான். சும்மா இருக்கத் தெரியாதவன்.

"கட்டையை நான்தான் வெச்சேன், ஐயா. மூணு அடி போட்டேன். சொன்னா யாரு கேக்கிறா? லயத்துக்காரன் வாய்ச் சொல்லு." ரெங்கசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "மத்தியாஸ் அண்ணனை அடைச்சிட்டாங்களாமே. வண்டி ஓடுறதைப் பாத்தேன், அவரு தலை துணிக்குள்ள இருந்துச்சி. நசுங்கிப் போயிருவாரேன்னு பாய்ஞ்சேன்."

"பக்கத்திலை ஆரையும் காணேல்லையோ?"

"எங்க பாத்தேன்? படத்தையில்ல பாத்துக்கிட்டு நின்னேன். பெரிய கிராணி ஐயா இடக்கையால பூப் போட்டுக்கிட்டு நின்னாரு."

மகாதேவா முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எந்தக் கை?"

"கிடைச்சிருச்சி!" அதே நேரம் எதிர்ப்பக்கத்தில் அந்தோணிதாஸ் துள்ளி எழுந்தான். உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றைக் கட்டிலுக்கு மேலாக வெளிச்சத்தில் பிடித்தான். கறுப்புக் கோட்டு, மீசை, ஒரு கை நிறையச் செவ்வரளி. "பெரிய கிராணி சொன்னதுதான் சரி ஐயா. இடக்கை."

"கண்ணை எங்கை வைச்சிருக்கிறாய்? வலக்கை."

"இடக்கை ஐயா!"

"வலக்கையடா! எனக்குக் கிட்டப் பிடி."

"எவ்வளவு கிட்டப் பிடிச்சாலும் இடக்கைதான் லா!"

கட்டிலில் படுத்திருந்தவன் வலியை மறந்து சிரித்துவிட்டான். "ஏன் சண்டை போடுறீங்க? ஆளுக்கொரு பக்கம் நின்னா அப்படித்தான் தெரியும். கண்ணாடிக்கு ரெண்டு பக்கம்ல? துணியும் அப்படித்தான். பின்னால நிக்கிற எங்களுக்கு எல்லாமே மாத்தித்தான். நேத்து முழுக்க முருகனுக்கே வேல் இடக்கையிலதான் இருந்துச்சி. மொத நாளு எனக்குத் திக்குன்னு ஆயிருச்சி, சாமிக் குத்தமாயிருமேன்னு. அண்ணன்தான் துணிக்கு முன்னால கூட்டிப் போயி, பாருடா, இங்க வலக்கைன்னு காமிச்சாரு."

அந்தோணிதாஸ் சில்லைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். பிறகு மெல்லத் துண்டில் வைத்தான்.

மகாதேவா கண்ணை மூடிக்கொண்டார். முன்னால் இருந்த ஒருவருக்கும் இடக்கை தெரியவில்லை. இடக்கை தெரிந்தவர் முன்னால் இருக்கவில்லை. இடக்கை என்று மகாதேவாவிடமே உரத்த குரலில், ஒரு தரமல்ல, இரண்டு தரம் சொல்லியிருந்தார் அத்தான்.

"ஐயா," அந்தோணிதாஸின் குரலில் முதல்தரம் கேலி இல்லை. "ரெண்டு மணிப் படகு இருக்கு. ஒன்னும் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிட்டுப் போயிரலாம். யாரும் உங்களைக் குத்தம் சொல்லமாட்டாங்க."

"நீ போகலாம்."

"நான் எங்க போவேன்? டின்னு என் கையில இருக்கு."

*

அம்பிகைபாகன் சார்ஜன்டை எதிர்கொள்ள உடுத்துத் தயாராக இருந்தார். வாசலில் அவருடைய சப்பாத்துகள் புதிதாக மினுக்கப்பட்டு நின்றன. அந்தோணிதாஸ் குனிந்து பார்த்தான். எவ்வளவு மினுக்கியும் வலச் சப்பாத்தின் மூக்கு நசுங்கியே இருந்தது.

"இன்னும் போகேல்லையோ?" என்றார் அம்பிகைபாகன். "சிவானந்தம் ஒத்துக்கொண்டானோ?"

"ஒரே ஒரு கேள்வி, அத்தான். படத்திலை எந்தக் கையாலை பூப் போட்டனீங்கள்?"

"எத்தினை தரம் சொல்லுறது? இடக்கை! இடக்கை! கோர்ட்டிலையும் சொல்லுவன்!"

மகாதேவா கைக்குட்டையைப் பிரித்து அந்தச் சில்லை எடுத்தார். ஜன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். "அக்கா, நீ இந்தப் பக்கம் வா. அத்தான், நீங்கள் அந்தப் பக்கம்."

"என்ன விளையாட்டு இது?"

"வாங்கோ."

அந்தக் குரலைக் கோர்ட்டில் கேட்டவர்கள் உண்டு. அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இருவரும் வந்தார்கள்.

"அக்கா, அத்தான் எந்தக் கையாலை பூப் போடுறார்?"

"வலக்கையாலைதான்," என்றாள் யோகாம்பாள் சலிப்போடு.

"உங்களுக்கு, அத்தான்?"

அம்பிகைபாகன் பார்த்தார். சில்லை நோக்கிக் குனிந்தார். யோகாம்பாள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். எட்டிப்போய் அவர் பக்கத்தில் நின்று, தானும் பார்த்தாள். அவள் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"நேற்று முன்னாலை இருந்த இருநூறு பேரும் அக்கா கண்ட கையைத்தான் கண்டவை," என்றார் மகாதேவா. "நீங்கள் கண்டது ரெங்கசாமி கண்ட கை. ரெங்கசாமி திரைக்குப் பின்னாலை நிண்டவன்."

"ஒரு லயத்துக்காரன் பேச்சைக் கேட்டு என்னை, என்ரை வீட்டிலை வந்து..." அம்பிகைபாகன் வாசலைக் காட்டினார். "இந்தப் படியிலை இனி உம்மடை கால் படக்கூடாது! உமக்கும் எங்களுக்கும் ஒண்டுமில்லை!"

"சரி. படாது. எங்கை நிண்டு கண்டனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ, போறன்."

ஆற்றுப் பக்கமிருந்து படகு ஊதியது. மூன்று மணிக்கு இன்னும் கால்மணி நேரம். சத்தம் அடங்கியதும் அம்பிகைபாகன் ஜன்னலை விட்டு விலகினார். பிறகு கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தச்சனிட்டைச் சொல்லத்தான் போனனான்," என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "என்ரை படத்தை இன்னும் கொஞ்சநேரம் நிப்பாட்டி வை எண்டு. அவ்வளவுதான். போய் நிமிர்ந்து பாத்தன். பத்தடியிலை நான். இடக்கை. இருநூறு சனமும் பாக்குதே, நாளைக்கு என்ரை பெண்சாதி காதுக்கும் போகுமே... மறைஞ்சால் போதும் எண்டுதான் காலாலை ஒரு உதை. அது அந்த வேகத்திலை ஓடும் எண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை."

"காலமை கேட்டன், ஆரும் சிரிச்சினமோ எண்டு. பயத்திலை சிரிக்கேல்லை எண்டனீங்கள்." மகாதேவா சில்லைக் கைக்குட்டைக்குள் மடித்தார். "சிரிக்க அங்கை ஒண்டும் இருக்கேல்லை, அத்தான். அந்தத் தச்சன் உங்களை நல்லாய்த்தான் கீறினவன். முன்னாலை இருந்திருந்தால் கண்டிருப்பியள்."

யோகாம்பாள் தம்பியின் கையைப் பிடித்தாள். காலையில் பார்த்த கண்கள் அல்ல அவை. "தம்பி, சொல்லிப்போடாதை. உன்னைக் கும்பிடுறன். அந்தத் தச்சன் கைத்தொழில்காரன், சுங்கை ஆயர் தாவார்ப் பக்கம் போய்ப் பிழைச்சுக்கொள்ளுவான். எங்களுக்கு மானம் போனால் எங்கை போறது?"

"மானத்துக்குத்தான் வந்தனான் எண்டு காலமையே சொன்னன், அக்கா. ஒருத்தன் காலை முறிச்சு, இன்னொருத்தனைப் பூட்டி வைச்சு, அதுக்கு மேலை ஏறி நிக்கிறது மானமில்லை. எங்களைப் பெத்த அப்பு இருந்திருந்தால் இந்தக் கதவைத் தானே திறந்துவிட்டிருப்பார். உனக்கும் அது தெரியும்."

அவள் கையை விட்டாள்.

"சார்ஜன்ட் வந்தால் நான் சொல்லுவன்," என்று மகாதேவா அத்தானிடம் திரும்பினார். "அப்ப அது பிடிபட்டதாகும். அதுக்கு முன்னம் நீங்களே போய்ப் பூட்டைத் திறந்தால், நீங்கள் சொன்னதாகும். ரெண்டும் ஒண்டில்லை. கால்மணித்தியாலம் இருக்கு."

*

மழை தூறிக்கொண்டிருந்தது. பெரிய கிராணி குடை பிடித்து, முதுகு வளையாமல் லயத்துப் பாதையில் தனியே நடந்தார். பத்தடி தள்ளி மகாதேவாவும் அந்தோணிதாஸும். பிற்பகல் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூடியிருந்த ஜனங்கள், என்னவென்று தெரியாமலே பின்தொடர்ந்தார்கள். சிவானந்தம் ஆபீசு வராந்தாவில் பேனாவோடு வந்து நின்றார்.

ஸ்டோர் வாசலில் யூஜினியா எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

அம்பிகைபாகன் அவளைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்துப் பேசினார். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். அந்த மட்டில் அவர் குறை வைக்கவில்லை.

"முட்டுக்கட்டையை உதைச்சது நான். மத்தியாஸிலை ஒரு பிழையும் இல்லை. ரெங்கசாமி கட்டையைச் சரியாய்த்தான் வைச்சவன். சார்ஜன்டுக்கும் துரைக்கும் இதையே சொல்லுவன்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

வலக்கையில் குடை இருந்தது. இடக்கையால் மடியிலிருந்த சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

யூஜினியா சாவியைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையை அசைக்கவில்லை.

"வலக்கையால குடுங்க," என்றாள்.

பெரிய கிராணி ஆபீசு வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்து வைத்தார். தலைப்பாகையிலும் மீசையிலும் மழை இறங்கியது. சாவியைக் கை மாற்றி, வலக்கையால் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.